கடைத்தெருவுக்குத் துணையாக ஒரு தோழர்

 

நம் இல்லங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. அஸர் தொழுதுவிட்டு அடுத்த வீட்டு ராத்தாவுடன் காய்கறி வாங்கச் சென்ற இல்லத்தரசி, மஃரிபுக்குச் சற்று முன்னர் வீடு திரும்புகிறார். பையில் இருப்பது அரைக் கிலோ வெங்காயம், ஒரு கட்டுக் கீரை, கொஞ்சம் புதினா, மல்லி. "இதை வாங்குவதற்கு இரண்டு பேர், ஒன்றரை மணி நேரமா?" என்று வீட்டில் யாரேனும் கேட்டுவிடுகிறார்கள். பெண்களிடம் மட்டுமன்று; வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் தம் பழைய நண்பருடன் மீன்கடை வரை நடந்து, மீன் வாங்காமலே திரும்பும்போதும் இதே கேள்விதான். கைப்பேசியில் விரலால் தொட்டால் அரிசியும் பருப்பும் வாசலுக்கு வந்து சேரும் இந்தக் காலத்தில் அக்கேள்வி இன்னும் வலுப்பெற்றுவிட்டது.

உணவுப் பொருள் வாங்குவதற்காக ஒரு தோழருடனோ தோழியுடனோ கடைத்தெருவுக்குப் போய்வருவது வீண்பொழுதுதானா? வீட்டுச் சுமைகளிலிருந்து கிடைக்கும் அந்தச் சிறு ஓய்வை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது? நமக்கு முன் வாழ்ந்த நல்லோர் சந்தைக்கு எப்படிச் சென்றார்கள், யாருடன் சென்றார்கள், அங்கே என்ன செய்தார்கள்? இவற்றுக்கு நம் வரலாற்றில் தெளிவான பதில்கள் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இங்கே நாம் காண்போம்.

உணவு உண்பவர், கடைவீதிகளில் நடப்பவர்

மக்காவின் இறைமறுப்பாளர்கள் நபி (ஸல்) அவர்கள்மீது கூறிய குறைகளுள் ஒன்றை அல்குர்ஆன் ஸூரத்துல் ஃபுர்கானின் 7ஆம் வசனத்தில் பதிவுசெய்கிறது. இவர் எப்படித் தூதராக இருக்க முடியும், இவர் நம்மைப் போலவே உணவு உண்கிறார், கடைவீதிகளில் நடமாடுகிறார் என்பதே அவர்களின் ஏளனம். அவர்களுடைய எண்ணத்தில் கடைத்தெருவில் நடப்பது மதிப்புக் குறைவான செயல். அதே அத்தியாயத்தின் 20ஆம் வசனத்தில் அல்லாஹ் இதற்கு விடையளிக்கிறான். முன்னர் அனுப்பப்பட்ட தூதர்கள் அனைவரும் உணவு உண்டவர்களே, கடைவீதிகளில் நடந்தவர்களே என்று அங்கே அறிவிக்கப்படுகிறது. ஆக, பை ஏந்திக் கடைத்தெருவில் நடப்பது நபிமார்களின் வாழ்க்கையோடு ஒட்டிய செயல் என்பதை நாம் முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

ஸூரத்துல் கஹ்ஃபில் வரும் குகைத் தோழர்களின் வரலாற்றையும் இங்கே நினைவுகூரலாம். ஈமானைக் காத்துக்கொள்ள ஊரைவிட்டு வெளியேறிய அந்த இளைஞர்கள் நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்ததும் என்ன செய்தார்கள்? எவ்வளவு காலம் உறங்கினோம் என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு தம்மில் ஒருவரிடம் வெள்ளி நாணயத்தைக் கொடுத்து, நகரத்தில் எந்த உணவு தூய்மையானது என்று பார்த்து வாங்கிவருமாறு அனுப்பினார்கள். அவர் மென்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். மலிவானதை வாங்கு என்றோ, நிறைய வாங்கு என்றோ சொல்லவில்லை. தூய்மையானதைத் தேர்ந்தெடு என்றார்கள். உணவுப் பொருள் வாங்கும் ஒழுக்கம் இந்த ஒரு வசனத்திலேயே (18:19) அடங்கியிருக்கிறது.

மதீனாவின் திறந்தவெளிச் சந்தை

ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கும் மதீனாவாசியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்கும் இடையே நபி (ஸல்) அவர்கள் சகோதரத்துவ உறவை ஏற்படுத்தினார்கள். ஸஅத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மானோ அவருக்காக பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டுங்கள் என்று மட்டுமே கேட்டார். அன்று சந்தைக்குச் சென்றவர் உலர்ந்த பாலாடைக் கட்டியும் நெய்யும் கொண்டு திரும்பினார் என்று ஸஹீஹுல் புகாரியில் வந்துள்ளது. மக்காவில் அனைத்தையும் இழந்து வந்தவருடைய புது வாழ்வு, ஒரு சகோதரர் காட்டிய வழியில் சந்தைக்கு நடந்ததிலிருந்தும் அங்கிருந்து கொண்டுவந்த எளிய உணவிலிருந்தும் தொடங்கியது.

அந்நாளில் மதீனாவில் பெயர்பெற்ற சந்தை பனூ கைனுகா குலத்தாருடையது. பின்னர் நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம்களுக்கெனத் தனியாக ஓர் இடத்தைச் சந்தையாக அமைத்தார்கள். அது மஸ்ஜிதுந் நபவிக்கு மேற்கே இருந்த திறந்தவெளி. அங்கே வரி விதிக்கப்படக் கூடாது என்று அவர்கள் அறிவித்ததாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உள்ளது. அதன் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறினாலும், மதீனாச் சந்தை நெடுங்காலம் கட்டடமும் வாடகையும் இல்லாத பொதுவிடமாகவே இருந்தது என்பதை மதீனாவின் வரலாற்று நூல்கள் உறுதிப்படுத்துகின்றன. பள்ளிவாசலில் முந்தி வந்தவர் முந்திய இடத்தில் அமர்வதுபோல, சந்தையிலும் முதலில் வந்தவருக்கு அவ்விடம் அன்று மாலை வரை உரியது. மறுநாள் வேறொருவர் முந்தினால் அது அவருக்கு. செல்வர் நிரந்தரமாக ஓரிடத்தை வளைத்துப்போட இதில் வழியில்லை.

இந்த ஏற்பாட்டை மக்கள் எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்குப் பிற்கால நிகழ்ச்சி ஒன்று சான்று. உமையா கலீஃபா ஹிஷாம் இப்னு அப்துல் மலிக் காலத்தில் அச்சந்தை இடத்தில் பெரிய கட்டடம் எழுப்பப்பட்டு வணிகர்களிடம் வாடகை வாங்கப்பட்டது. 743ஆம் ஆண்டில் ஹிஷாம் இறந்த செய்தி மதீனாவை எட்டியதும் மக்கள் திரண்டு சென்று அக்கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். சந்தை மீண்டும் திறந்தவெளியானது.

அந்தச் சந்தையின் ஒழுங்கை நபி (ஸல்) அவர்களே நேரில் சென்று கவனித்தார்கள். ஒருநாள் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தக்காளிக் கூடையில் அடியில் அழுகியதும் மேலே பளபளப்பானதும் வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறதல்லவா? கையை உள்ளே விட்டுப் பார்த்து வாங்கும் நம் தாய்மார்கள், தாம் அறியாமலே ஒரு பழைய முன்மாதிரியைப் பின்பற்றுகிறார்கள்.

பின்னாலிருந்து அணைத்த அன்பு

மதீனாச் சந்தையில் நடந்த நட்பின் நிகழ்ச்சிகளுள் மிக அழகியது ஸாஹிர் (ரலி) அவர்களுடையது. அவர் பாலைவனவாசி. ஊருக்கு வரும்போதெல்லாம் தம் நிலத்தில் விளைந்ததை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவருவார். அவர் திரும்பிச் செல்லும்போது நகரத்துப் பொருள்களை நபியவர்கள் அவருக்குக் கட்டிக் கொடுப்பார்கள். ஸாஹிர் நமக்குக் கிராமம், நாம் அவருக்கு நகரம் என்னும் பொருள்பட அவர்கள் மகிழ்ச்சியோடு கூறுவதுண்டு. ஸாஹிர் பார்வைக்கு அழகற்றவர் என்றும் அந்த அறிவிப்பில் வருகிறது.

ஒருநாள் அவர் சந்தையில் தம் பொருளை விற்றுக்கொண்டிருந்தார். நபி (ஸல்) அவர்கள் அவர் காணாதவாறு பின்னாலிருந்து வந்து கட்டியணைத்துக்கொண்டார்கள். யார் இது, விடுங்கள் என்று திமிறியவர், திரும்பிப் பார்த்து இன்னாரென்று அறிந்ததும் தம் முதுகை அவர்களின் நெஞ்சோடு இன்னும் சேர்த்துக்கொண்டார். இந்த அடிமையை வாங்குவார் யார் என்று நபியவர்கள் விளையாட்டாகக் கூவ, அப்படியானால் நான் விலைபோகாத சரக்காயிற்றே என்றார் ஸாஹிர். நீர் அல்லாஹ்விடம் விலைமதிப்பற்றவர் என்று பதில் வந்தது. திர்மிதீ இமாமின் ஷமாயிலில் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக இது இடம்பெற்றுள்ளது.

அன்று நபியவர்கள் அங்கே என்ன வாங்கினார்கள் என்று அந்த அறிவிப்புச் சொல்லவில்லை. அழகில்லாத, ஊருக்குப் புறத்தே வாழும் ஓர் எளியவர் பலர் நடுவே மதிக்கப்பட்டதையே அது சொல்கிறது. சந்தை இப்படிப்பட்டவர்களைச் சந்திக்கும் இடம். பள்ளிவாசலின் முதல் வரிசையில் நாம் காணாத மனிதர்களை அங்கேதான் காண்கிறோம்.

எதையும் வாங்காமல் திரும்பியவர்

நம் தலைப்புக்கு மிக நெருக்கமான வரலாறு அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுடையது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது உள்ளது. உபை இப்னு கஅப் (ரலி) அவர்களின் மகனான துஃபைல் என்பவர் காலை வேளையில் இப்னு உமரிடம் வருவார். இருவரும் சேர்ந்து சந்தைக்குப் போவார்கள். வழியில் பழைய சாமான் விற்பவர், பெரிய வணிகர், ஏழை என யாரைக் கடந்தாலும் இப்னு உமர் ஸலாம் சொல்லாமல் போகமாட்டார்.

ஒருநாள் வழக்கம்போல் சந்தைக்கு அழைத்தபோது துஃபைல் தம் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டார். நீங்கள் விற்பவரிடம் நிற்பதில்லை, சரக்கைப் பற்றி விசாரிப்பதில்லை, விலை பேசுவதில்லை, சந்தையில் கூடியிருப்போருடன் அமர்வதுமில்லை. பிறகு அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள், இங்கேயே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கலாமே என்றார். நம் வீடுகளில் கேட்கப்படும் அதே கேள்வி! துஃபைலுக்குச் சற்றே தொந்தி உண்டு. இப்னு உமர் அவரை வயிற்றுக்காரரே என்று கேலியாக அழைத்து, நாம் செல்வது ஸலாமுக்காகத்தான், எதிர்ப்படுவோருக்கெல்லாம் ஸலாம் சொல்வதற்காகத்தான் என்று விளக்கினார்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் சுன்னத்தைப் பேணுவதில் மிகுந்த கண்டிப்புடையவர். ஹதீஸ்களை மிக அதிகமாக அறிவித்தவர்களுள் ஒருவர். வணக்கத்திலும் கல்வியிலும் மூழ்கியிருந்த அத்தகையவர் தனியாகச் செல்லாமல், கேலி செய்து பேசக்கூடிய ஒரு தோழரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, எதையும் வாங்கும் நோக்கமின்றிக் கடைத்தெருவில் நடந்தார் என்பது சிந்திக்க வேண்டிய செய்தி. வெறுங்கையுடன் திரும்பும் நடையும் ஸலாமால் நன்மையாகிவிடுகிறது.

மனத்துக்கு ஓய்வு தேவை என்பதையும் மார்க்கம் மறுக்கவில்லை. வீட்டுக்குச் சென்று மனைவி மக்களுடன் கலந்ததும் நபியவர்களின் சபையில் இருந்த உணர்வு மங்கிவிடுகிறதே, தாம் நயவஞ்சகராகிவிட்டோமோ என்று அஞ்சிய ஹன்ளலா (ரலி) அவர்களிடம், இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

சந்தையைப் பற்றிய எச்சரிக்கை

இவ்வளவு சொன்ன பின்னர், மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. ஊர்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான இடங்கள் பள்ளிவாசல்கள், மிக வெறுப்பான இடங்கள் கடைவீதிகள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. பொய்ச் சத்தியம், மோசடி, வட்டி, இறை நினைவு மறத்தல் ஆகியவை அங்கே மலிந்திருப்பதே இதற்குக் காரணம் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். நபி (ஸல்) அவர்களே நடந்த இடத்துக்குச் செல்லலாகாது என்பது இதன் பொருளன்று. விழிப்போடு செல்ல வேண்டும் என்பதே பொருள்.

விழிப்புத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஸூரத்துல் ஜுமுஆவின் இறுதி வசனம் சாட்சி. ஜுமுஆ நேரத்தில் உணவுப் பொருள் ஏற்றிய வணிகக் கூட்டம் ஊருக்குள் வந்தபோது, கூடியிருந்தோர் அதை நோக்கி விரைந்தார்கள். நபியவர்களுடன் எஞ்சியவர்கள் 12 பேர் மட்டுமே என்று புகாரியில் வருகிறது. அதே அத்தியாயம், தொழுகை முடிந்த பின் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறும் ஏவுகிறது. சந்தைக்கு நேரம் உண்டு. அது தொழுகையின் நேரம் அன்று.

ஆசைக்கும் ஓர் எல்லை உண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி சுமந்து வருவதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், இது என்ன என்று விசாரித்தார்கள். இறைச்சி உண்ண ஆசை வந்தது, ஒரு திர்ஹத்துக்கு வாங்கினேன் என்றார் ஜாபிர். அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் உங்களில் ஒருவர் தம் வயிற்றைச் சற்று மடக்கிக்கொள்ளக் கூடாதா என்று உமர் கேட்டதாக முவத்தா கூறுகிறது. இறைச்சி ஹலால்தான், கேள்வி அண்டை வீட்டாரைப் பற்றியது. நம் பை நிறையும்போது பக்கத்து வீட்டு அடுப்பு எரிகிறதா என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

எகிப்தின் அங்காடிகள்

மதீனாவில் திறந்தவெளியாகத் தொடங்கிய முஸ்லிம்களின் சந்தை, பின்வந்த நூற்றாண்டுகளில் பெருநகரங்களின் நீண்ட அங்காடித் தெருக்களாக வளர்ந்தது. பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ் 1047ஆம் ஆண்டில் எகிப்தை அடைந்தார். பழைய கெய்ரோவின் சந்தையில் டிசம்பர் மாதத்து ஒரே நாளில் தாம் கண்ட பொருள்களை அவர் பட்டியலிட்டிருக்கிறார்: ரோஜா, மல்லிகை, எலுமிச்சை, மாதுளை, வாழைப்பழம், திராட்சை, புதிய பேரீச்சம்பழம், கரும்பு, கத்தரிக்காய், முள்ளங்கி, வெள்ளரி, வெங்காயம், பூண்டு எனப் பட்டியல் நீள்கிறது. வெவ்வேறு பருவங்களில் விளைபவை ஒரே நாளில் எப்படிக் கிடைக்கும் என்று படிப்பவர் ஐயுறலாம் என்பதால், எகிப்தின் பரப்பையும் தட்பவெப்பத்தையும் அவர் விளக்கவும் செய்கிறார். மளிகைக் கடைக்காரரும் மருந்துச் சரக்கு விற்பவரும் கண்ணாடி, மண்பாண்டம், காகிதம் ஆகியவற்றில் பொருளை இட்டுத் தாமே தருவதால் வாங்குபவர் பாத்திரம் கொண்டுபோக வேண்டியதில்லை என்றும் வியப்போடு குறித்துள்ளார். பொய் சொல்லி விற்றவரை ஒட்டகத்தின் மேல் ஏற்றி, கையில் மணியைக் கொடுத்து, தம் பொய்யைத் தாமே கூவிக்கொண்டு ஊர்வலம் வரச் செய்வார்களாம்.

சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்னும் அலுவலர் இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த அஷ்ஷைஸரீ அவர்களுக்காக எழுதிய கையேட்டில், மாவு பிசைபவர் காலால் மிதிக்கக் கூடாது, வியர்வை சொட்டாமல் நெற்றியில் துணி கட்ட வேண்டும், தும்மலும் எச்சிலும் படாமல் வாயை மூட வேண்டும், பகலில் பிசையும்போது ஈ ஓட்டுவதற்கு ஒருவர் நிற்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் உள்ளன. நம் உணவகங்களில் இன்று ஒட்டப்படும் சுகாதார அறிவிப்புகளுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இவை எழுதப்பட்டன.

கெய்ரோவின் கடைவீதிகளை மிக விரிவாக வருணித்தவர் வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ (1364-1442). 1399ஆம் ஆண்டில் அவரே அந்நகரின் முஹ்தஸிபாக நியமிக்கப்பட்டவர். ரஜப் மாதம் வந்தால் இனிப்புக் கடைவீதியில் சர்க்கரையால் குதிரை, சிங்கம், பூனை வடிவங்கள் செய்து நூலில் கோத்துக் கடைகளில் தொங்கவிடுவார்கள் என்றும், செல்வரும் எளியவரும் தம் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் அவற்றை வாங்கிச் செல்வார்கள் என்றும் எழுதுகிறார். உருவங்கள் செய்வது பற்றிய சட்டம் தனியாகப் பேச வேண்டியது. நாம் இங்கே கவனிப்பது, கடைத்தெருவுக்குப் போய்வருவதைக் குடும்பங்கள் ஒரு மகிழ்ச்சியாகக் கொண்டிருந்தன என்பதை மட்டுமே.

பெண்களும் சந்தையும்

சந்தை ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்ததா? இல்லை. உங்கள் தேவைகளுக்காக வெளியே செல்ல உங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டுள்ளது என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஸவ்தா (ரலி) அவர்களிடம் கூறியதைப் புகாரியில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த அஷ்ஷிஃபா (ரலி) அவர்களிடம் உமர் (ரலி) அவர்கள் சந்தை தொடர்பான சில பொறுப்புகளை ஒப்படைத்ததாகவும் வரலாற்று நூல்களில் வருகிறது. இச்செய்தியை ஏற்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேலே சொன்ன அஷ்ஷைஸரீயின் கையேட்டில் இன்னொரு விதி கவனத்துக்குரியது. நூல், பஞ்சு விற்கும் இடங்கள்போலப் பெண்கள் கூடும் கடைவீதிகளுக்கு முஹ்தஸிப் செல்ல வேண்டும். அங்கே கொடுக்கல் வாங்கல் எதுவுமின்றிப் பெண்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இளைஞர்களைக் கண்டிக்க வேண்டும். ஒழுங்கு கெட்டால் தண்டிக்கப்பட வேண்டியவன் அதைக் கெடுப்பவனே என்பது இதில் தெளிவு.

பெண்கள் கடைத்தெருவுக்குச் செல்வதைக் குறை கூறியவர்களும் இருந்தார்கள். கெய்ரோவில் வாழ்ந்த மாலிகீ அறிஞர் இப்னுல் ஹாஜ் துணிக்கடைகளில் பெண்கள் நெடுநேரம் அமர்ந்திருப்பதைக் கடிந்து எழுதினார். அவர் சுட்டிய தவறுகளில் நாம் கவனிக்க வேண்டியவை இருக்கலாம். ஆனால் அந்தக் கண்டனம் முழுத் தடையாக மாறினால் என்ன நேரும் என்பதையும் அதே கெய்ரோ ஒருமுறை கண்டது. 1438ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது, எந்தப் பாவத்தால் இது வந்தது என்று மம்லூக் சுல்தான் பர்ஸ்பாய் தம் அவையில் கேட்டார். பெண்கள் அலங்காரத்தோடு தெருவில் திரிவதே காரணம் என்று சிலர் சொல்ல, பெண்கள் எவரும் வெளியே வரக் கூடாதென்று பறைசாற்றப்பட்டது. நடந்ததை அல்மக்ரீஸீ பதிவுசெய்திருக்கிறார். ஆண் துணையற்ற கைம்பெண்களும் கைத்தொழில் செய்து பிழைத்தவர்களும் துன்புற்றார்கள். கடைகளில் விற்பனை முடங்கியது. இறந்த பெண்களைக் குளிப்பாட்டச் செல்லும் பெண்களுக்குக்கூடத் தனி அனுமதி தேவைப்பட்டது. பின்னர், பொருள் வாங்கச் செல்லும் பணிப்பெண்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் தடை தளர்த்தப்பட்டது. நோய் அந்தத் தடையால் நிற்கவில்லை. அதே ஆண்டில் சுல்தானும் நோயுற்று இறந்தார்.

ஒரு சமூகத்தின் பாதிப் பேரை வீட்டுக்குள் அடைத்தால், அடுப்புக்கு விறகும் மாவும் வந்துசேரும் வழியே அடைபடுகிறது. நம் மஹல்லாக்களில் காய்கறிப் பையோடு செல்லும் பெண்களைப் பற்றித் திண்ணையில் அமர்ந்து விமர்சிப்போர் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

நம் கடைத்தெருவில்

தமிழ் முஸ்லிம்கள் வணிகத்தோடும் கடலோடும் பிணைந்த மக்கள். நம் முன்னோர் நிலத்திலும் கடலிலும் வாழ்ந்த வாழ்க்கையில் சந்தை எப்போதும் நடுவில் இருந்தது. கடலோர ஊர்களில் மீன் ஏலத்துக்குப் போகும் காக்காமார்களும், வாரச் சந்தை நாளை எண்ணிக் காத்திருக்கும் பெரியம்மாக்களும், ரமளானில் நோன்புக் கஞ்சிக்குச் சாமான் வாங்கச் சேர்ந்து செல்லும் இளைஞர்களும் அந்த வாழ்க்கையின் தொடர்ச்சியே. யார் வீட்டில் நோய், யார் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து யார் வேலை இழந்து திரும்பியிருக்கிறார் என்பதெல்லாம் முதலில் தெரியவருவது கீரைக்காரம்மாவின் முன்னால்தான். உதவி தேவைப்படுபவரை ஜமாஅத் அறியும் முன்னர்க் கடைத்தெரு அறிந்துவிடுகிறது.

இன்று அது மாறிவருகிறது. உங்கள் வீட்டுக்கு அரிசி கொடுக்கும் கடைக்காரரின் பெயர் என்ன என்று நாம் மத்ரஸாவில் பிள்ளைகளிடம் கேட்டபோது, பலர் செயலியின் பெயரைச் சொன்னார்கள். பொருளை வாசலுக்குக் கொண்டுவரும் வசதியை நாம் குறை கூறவில்லை. நோயாளிக்கும் முதியவருக்கும் கைக்குழந்தை உள்ள தாய்க்கும் அது நிஃமத்தே. ஆனால் வாசலில் பையை வைத்துவிட்டு ஓடும் தம்பிக்கு நாம் ஸலாம் சொல்கிறோமா? வாரக்கணக்கில் எவருடைய முகத்தையும் காணாமல் வீட்டுக்குள் இருக்கும் ஒரு தாய்க்கு அந்தச் செயலி என்ன ஆறுதலைத் தரும்? அவருக்கு வேண்டியது வெங்காயம் மட்டுமா? அடுப்படியின் வெப்பமும், படுத்திருக்கும் மாமியாரின் பணிவிடையும், பிள்ளைகளின் பாடமும் ஒருவரை அழுத்தும்போது, தோழியோடு நடந்துபோய்ப் புதினாக் கட்டை முகர்ந்து பார்த்து வாங்கிவரும் அந்த ஒரு மணி நேரம் அவருடைய பொறுமைக்கு ஊட்டம் அளிக்கிறது. அதைக் கணக்குக் கேட்டுப் பறிப்பது நன்மையன்று.

அந்த நடைக்கு உரிய ஒழுக்கங்களையும் நாம் பேண வேண்டும். தொழுகை நேரத்தைக் கணக்கிட்டுப் புறப்படுவது முதலாவது. சந்தைக்குள் நுழையும்போது ஓதும் துஆ திர்மிதீயில் உள்ளது. அதன் தரம் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பினும், மறதி மிகுந்த இடத்தில் அல்லாஹ்வை நினைப்பது நன்மை என்பதில் ஐயமில்லை. விற்கும்போதும் வாங்கும்போதும் பெருந்தன்மையோடு நடப்பவருக்கு அல்லாஹ்வின் கருணையை வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையை வாய்பேசாமல் கொடுத்துவிட்டு, தரையில் சாக்கு விரித்து விற்கும் மூதாட்டியிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடுவது அந்த துஆவுக்கு நம்மை உரியவராக்காது. முக்கியமாக, வழிப்பேச்சு புறம்பேச்சாகிவிடக் கூடாது. இப்னு உமரும் துஃபைலும் நடந்த பாதையில் ஸலாம் இருந்தது. பிறர் மானத்தைக் கிழிக்கும் பேச்சு இருந்ததாக நாம் படிக்கவில்லை.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. அலீ (ரலி) அவர்கள் ஒரு திர்ஹத்துக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தம் மேலாடையில் சுமந்து சென்றபோது, நாங்கள் சுமக்கிறோம் என்று முன்வந்தவர்களிடம், பிள்ளைகுட்டிக்காரரே தம் சுமையைச் சுமக்க அதிக உரிமையுள்ளவர் என்று சொன்னதாக அல்அதபுல் முஃப்ரதில் ஓர் அறிவிப்பு உள்ளது. வீட்டுப் பையைத் தூக்குவது கௌரவக் குறைவு என்று கருதுபவர் இதை எண்ணிப்பார்க்கட்டும். சில நாள்களில் மனைவிக்குத் துணையாகச் செல்லும் தோழர் நீங்களாகவே இருக்கலாமே! அவர் தம் தோழியோடு செல்ல விரும்பும் நாளில், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது உங்கள் பங்காகட்டும். திரும்பி வந்ததும் ஏன் தாமதம் என்று கேட்பதற்கு முன், யாரையெல்லாம் சந்தித்தாய், அவர்கள் நலமா என்று கேளுங்கள்.

நம் கடைவீதிகளை நேர்மையும் ஸலாமும் நிறைந்தவையாக வல்ல அல்லாஹ் ஆக்குவானாக! நம் உணவில் தூய்மையையும், நம் நட்பில் பரக்கத்தையும், நம் இல்லங்களில் பரஸ்பர இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.